கலக காலத்துச் சிநேகம்

(பூநகரியில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்மக்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூநகரியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் பழமையையே பேசுவார்கள். பேராசிரியர் புஷ்பரட்ணம் அவர்கள் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட தொல்பொருளாய்வு நூலைப் படித்தவர்கள், இந்த மணற்பரப்பின் கீழே எத்தனை நூற்றாண்டுகள் உறங்குகின்றன என்று வியந்து உரைப்பார்கள். மண்ணித்தலைச் சிவாலயத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் காட்டுவார்கள். மொட்டைக்கறுப்பன் அரிசியின் சுவையைச் சொல்லுவார்கள். போர்ச் சரித்திரம் எழுதுவோரோ இங்கே சமர் நடந்த 1993 நவம்பரையும் 2008 நவம்பரையும் குறித்துவைப்பார்கள். ஆனால் இந்த ஊரிலே, இந்தக் கடல்நீரேரியின் கரையிலே, பன்னிரண்டு பதின்மூன்று பிராயத்துப் பிள்ளைகள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் எத்தகைய அன்பு வைத்திருந்தார்கள், அந்த அன்பு எந்த நாளில் எவராலே அறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சாசனம் எந்தக் கல்லிலும் இல்லை. அதனை எழுதிவைக்கக்கூடிய கலைகளுள் சினிமா தலையாயது என்ற எண்ணத்தினாலேயே, கலக காலத்து இளஞ்சிநேகத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களைப் பற்றி இன்று உங்கள் முன்னிலையில் பேசத் துணிந்தேன்.

தாய் தந்தையரையும் சகோதரரையும் சாதி சமயத்தையும் எவரும் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை. அவை யாவும் நாம் கண் விழிக்குமுன்பே நமக்காக வகுக்கப்பட்டுவிட்டவை. ஒரு பிள்ளை தன் சொந்த விருப்பத்தினால், எவருடைய ஏவலுமின்றி, முதன்முதலாகத் தேர்ந்துகொள்ளும் உறவு சிநேகமே. வகுப்பறையிலே நாற்பது பேர் இருக்க, அவர்களுள் ஒருவனை நோக்கி மாத்திரம் மனம் ஓடுவதும், அவன் வராத நாளில் பள்ளிக்கூடமே வெறிச்சோடிப் போவதும், அவனுக்குச் சொல்லாத இரகசியம் இரகசியமாகவே தோன்றாமலிருப்பதும் அந்தப் பிராயத்தின் இயல்பு. பிற்காலத்திலே நாம் எத்தனையோ பேரோடு பழகுகிறோம். ஆயினும் அந்தத் தீவிரம் மறுபடி வாய்ப்பது அரிது. அரசியல் கலகம் வந்து தாக்குவது இந்த இடத்திலேதான். நீ உன் மனத்தினாலே தேர்ந்துகொண்ட ஒருவனை, நாங்கள் அவனுடைய இனத்தையும் மதத்தையும் கொண்டு அளந்து பார்த்தோம், அவன் உனக்கு ஆகாதவன் என்று அது தீர்ப்புச் சொல்லுகிறது. பிள்ளை முதன்முதலாக எடுத்த சுதந்திரமான தீர்மானத்தை உலகம் இரத்துச் செய்கிறது. அந்தக் கணத்திலே குழந்தைப் பருவம் முடிந்துவிடுகிறது.

தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியன்று. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். பாரி மாண்டான், அவனுடைய ஆருயிர்த் தோழராகிய கபிலர் உயிரோடு எஞ்சினார். எஞ்சியவர் சும்மா இருக்கவில்லை. தோழனுடைய புதல்வியர் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர்களுக்கு வாழ்வு தேடி நாடு நாடாக நடந்தார், நண்பனையும் அவன் மலையையும் பாடினார், பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தார். பாரியின் மலையைக் கைக்கொண்ட வேந்தர்கள் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டது எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. எஞ்சிய தோழர் சொன்னதே புறநானூற்றின் வழியாக வந்து சேர்ந்தது. அரசர்களுடைய வெற்றியை அரசர்கள் மறந்துபோன பின்பும், எஞ்சிய நண்பனுடைய கடன் தீராமல் நிற்கும் என்ற உண்மையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; நான் பேசப்போவது முழுவதும் அதைப் பற்றியே.

இனி முதலாவது திரைப்படத்துக்கு வருவோம். கொழும்பிலே 1965ஆம் ஆண்டு தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஷியாம் செல்வதுரை என்பவர், 1994ஆம் ஆண்டு 'ஃபனி போய்' என்ற நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கனடாவில் வாழும் இந்திய இயக்குநர் தீபா மேத்தா, நாவலாசிரியரோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, 2020ஆம் ஆண்டு அதனைத் திரைப்படமாக்கினார். அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன், கொழும்பின் வசதியான குடும்பமொன்றிலே வளர்ந்து, ஷெஹான் என்ற சிங்களத் தோழனோடு நெருங்கி, 1983 ஜூலையிலே வீடிழந்து, நாட்டை விட்டு நீங்குவது அதன் கதை.

அர்ஜி சிறுவயதிலே ஆண்பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடப் பிரியப்படாமல், பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கலியாண விளையாட்டு விளையாடுகிறான். சேலை உடுத்தி மணப்பெண்ணாக நிற்கிறான். பெரியவர்கள் கண்டுபிடித்து அதைத் தடுத்துவிடுகிறார்கள். வளர்ந்தபின் ஷெஹானோடு அவன் கொள்ளும் தோழமை காதலாகவே முதிர்கிறது. ஆணுக்கு ஆண்மீது உண்டாகும் இத்தகைய அன்பைப் பற்றிச் சபையிலே பேசத் தயங்குவோர் இங்கும் இருக்கலாம். நான் தயங்கவில்லை, ஏனென்றால், வீட்டுக்குள்ளே ஒரு காரணத்தினாலும் வீதியிலே வேறொரு காரணத்தினாலும் இரண்டு முறை ஒதுக்கப்படுகிற ஒரு பிள்ளையின் கண்ணாலே பார்க்கும்போது, வீட்டின் நீதியும் வீதியின் நீதியும் ஒரே விதமாக இயங்குவதை நாம் காண்கிறோம். தனக்கு இன்னது பிரியம் என்று பிள்ளை சொல்ல, உனக்கு இன்னதுதான் பிரியமாக இருக்கவேண்டும் என்று கூட்டம் சொல்லுகிறது. இந்தப் பிள்ளையின் வேதனையைப் புரிந்துகொள்ள மறுப்பவர், 1983ஐயும் முழுமையாகப் புரிந்துகொண்டவர் ஆகமாட்டார்.

நாவலிலே ஒரு வகுப்பறைச் சம்பவம் வருகிறது; அதனைச் சற்று அருகிலிருந்து நோக்குவோம். சிங்களமே எதிர்காலத்தின் மொழி என்று கணக்குப் போட்ட தகப்பனார், அர்ஜியைச் சிறுவயது முதலே சிங்கள மொழிமூல வகுப்பிலே சேர்த்துவிட்டார். புதிய பாடசாலைக்கு அவன் போன முதல்நாள், சண்டைக்கார மாணவன் ஒருவன் வழிமறித்து, தமிழனாகிய உனக்குச் சிங்கள வகுப்பிலே என்ன வேலை என்று கேட்கிறான். தமிழிலே படிக்கத் தனக்கு இயலாது என்று அர்ஜி சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டிலே ஆங்கிலம், வகுப்பிலே சிங்களம், பெயரிலே மாத்திரம் தமிழ் என்று வாழ்ந்த அந்தப் பிள்ளையை, பெயர் ஒன்றே போதுமென்று கூட்டம் இனங்கண்டுகொள்கிறது. அந்த வேளையிலே அவன் பக்கம் நின்று பேசுகிறவன் ஷெஹான். சிநேகம் அங்கே பிறக்கிறது.

அதே கதையிலே, சிறுவர்களுடைய சிநேகத்துக்கு நிழல்போல, பெரியவர்களுடைய சிநேகம் ஒன்றும் வருகிறது. அர்ஜியின் தகப்பனாருக்கு இளமையிலே உயிர்த்தோழர் ஒருவர் இருந்தார். ஒருவரை மற்றவரும் ஒருவர் குடும்பத்தை மற்றவரும் காப்போம் என்று பள்ளிப் பருவத்திலே இருவரும் உடன்படிக்கை எழுதிக்கொண்டவர்கள். தோழர் இறந்தபின் அவருடைய மகன் ஜெகன் வேலை தேடி வருகிறான். பழைய வாக்கை மறவாத தகப்பனார் அவனைத் தம்முடைய தொழிலிலே சேர்த்துக்கொள்ளுகிறார். பின்பு சந்தேகமும் முணுமுணுப்பும் எழுந்து, அவனை வைத்திருப்பது தமக்கே ஆபத்து என்று ஆகும்போது, அவனை விலக்கிவிடுகிறார். தகப்பனார் கொடியவரல்லர், பிள்ளை குட்டிகளோடு பிழைக்க விரும்பிய சாதாரண மனிதர். கலகம் வல்லமை பெறுவது கையிலே தீப்பந்தம் பிடித்தவர்களாலே மாத்திரம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய வாக்கொன்றை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற நல்ல மனிதர்களாலும் அது வல்லமை பெறுகிறது.

பின்னர் நடந்தது சரித்திரம். 1983 ஜூலை 23ஆந் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலே இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டதன் பின், 24ஆந் திகதி இரவு கொழும்பிலே வன்செயல் மூண்டது. வாக்காளர் இடாப்புகளைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அர்ஜியின் வீடும் எரிகிறது. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் அடைக்கலம் தர, அவர்கள் உயிர் தப்புகிறார்கள். ஷெஹான் அவனைத் தேடி வந்து ஆறுதல் சொல்ல முயலுகிறான். அப்போது அர்ஜியின் மனத்திலே முன்னொருபோதும் தோன்றாத ஓர் எண்ணம் தோன்றுகிறது: இவன் சிங்களவன், நான் அப்படியல்லேன். ஷெஹான் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவனுடைய அன்பு குறையவுமில்லை. ஆயினும் வீதியிலே மூண்ட நெருப்பு இருவருக்கும் நடுவே வந்துவிட்டது. வீடு எரிந்ததைக் காட்டிலும் கலகத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுவே என்று நான் கருதுகிறேன். இந்த எண்ணத்தை நாவலாசிரியர் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் கதை இனிதாக முடிந்திருக்கும். மறைக்காமல் எழுதினாரே, அந்த நேர்மைக்காகவே அவரை வணங்குகிறேன்.

திரைப்படத்தின் மீது ஒரு கண்டனம் எழுந்ததையும் சொல்லவேண்டும். அதிலே நடித்தவர்கள் பேசிய தமிழ் தமிழாக இல்லை என்று புலம்பெயர்ந்த தமிழர் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. கனடா இப்படத்தைச் சர்வதேசத் திரைப்படங்களுக்குரிய ஒஸ்கார் விருதுக்கு அனுப்பியபோது, ஆங்கிலமே மிகுந்திருக்கிறதென்று அது தள்ளப்பட்டது. கொழும்பு உயர் வகுப்புக் குடும்பங்களிலே ஆங்கிலம் மிகுந்திருந்தது உண்மையே; ஆயினும் தமிழர் என்பதற்காக ஒரு குடும்பம் எரிக்கப்படும் கதையிலே, பேசப்படும் சிறிதளவு தமிழும் பிழையற்று ஒலிக்கவேண்டாமா? நாளை படமெடுக்கப் புறப்படும் பிள்ளைகள் இதனைப் பாடமாகக் கொள்ளவேண்டும்.

இரண்டாவது திரைப்படம் பிரெஞ்சு நாட்டினது. லூயி மால் என்ற இயக்குநர் 1987ஆம் ஆண்டு அதனை எடுத்தார். பிள்ளைகளிடம் விடைபெறும் ஒரு குருவானவரின் வாசகமே அதற்குப் பெயராக அமைந்தது. வெனிஸ் நகரத் திரைப்பட விழாவின் தலையாய பரிசாகிய தங்கச் சிங்கம் அதற்குக் கிடைத்தது. ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலத்திலே, பாரிசுக்கு அணித்தான அவோன் என்ற ஊரில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய விடுதிப் பாடசாலையிலே மால் படித்தார். அதன் அதிபராகிய ஜாக் அடிகள் யூதச் சிறுவர் மூவரை வேறு பெயரிலே சேர்த்து ஒளித்து வைத்திருந்தார். 1944 ஜனவரியிலே நாஜிகளின் இரகசியப் பொலிசார் வந்து அம்மூவரையும் அதிபரையும் பிடித்துச் சென்றார்கள். சிறுவர் மூவரும் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமிலே மாண்டார்கள். மௌத்தவுசன் முகாமிலே வதைபட்ட அதிபர், போர் முடிந்த 1945இலே, விடுதலை கிடைத்துச் சில வாரங்களில் உயிர் நீத்தார். அவர்கள் பிடிபட்டபோது மாலுக்குப் பிராயம் பதினொன்று.

படத்திலே ஜூலியன் என்ற சிறுவனும் ழான் பொனே என்ற புதிய மாணவனும் முதலிலே முட்டி மோதி, பிறகு மெல்ல மெல்ல நெருங்குகிறார்கள். பொனே கெட்டிக்காரன், பியானோ இனிதாக வாசிப்பான், இரவிலே இரகசியமாக மெழுகுதிரி ஏற்றிப் பிரார்த்திப்பான். அவன் யார் என்பதை ஜூலியன் கண்டுபிடிக்கிறான், கண்டுபிடித்தும் எவருக்கும் சொல்லவில்லை. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி எல்லாரும் நிலவறைக்குள் ஓடியிருக்கும் வேளையிலே, இருவரும் மேலே தங்கி, ஒரே பியானோவின் முன் நெருங்கி உட்கார்ந்து, நான்கு கைகளாலே வாசித்துச் சிரிக்கிறார்கள். யுத்தம் அந்தச் சில நிமிஷம் இல்லாமலே போய்விடுகிறது.

பிறகு அந்த வகுப்பறைக் காட்சி வருகிறது. இரகசியப் பொலிஸ் அதிகாரி உள்ளே நுழைகிறான். யூத மாணவனின் மெய்ப்பெயரைச் சொல்லி, அவன் இங்கே இருக்கிறானா என்று கேட்கிறான். எவரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி சுவரிலே தொங்கும் தேசப்படத்தை நோக்கித் திரும்புகிறான். அவன் முதுகு திரும்பிய அந்த ஒரு கணத்திலே, ஜூலியன் தன்னையறியாமல் தலையைத் திருப்பித் தன் நண்பனைப் பார்க்கிறான். அன்பினாலே, அச்சத்தினாலே, இவனுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பினாலே பார்த்த பார்வை அது. அதிகாரி அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளுகிறான். அதன் வழியே நடந்து போய்ப் பொனேயின் முன் நிற்கிறான். பொனே எழுந்து, புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கைகொடுத்து விடைபெறுகிறான். எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள் என்று பின்னர் நண்பனுக்கு அவனே ஆறுதல் சொல்லுகிறான்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உண்மைச் சம்பவத்திலே அந்தப் பார்வை இருக்கவில்லை. மால் அதனைத் தம்முடைய கற்பனையாலே சேர்த்தார். தம்மைக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொள்ளுவதற்காகக் கற்பனை செய்பவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். தம்மைக் குற்றத்துக்குள்ளே கொண்டுவந்து நிறுத்துவதற்காகக் கற்பனை செய்தவர் இவர். ஏன் அப்படிச் செய்தார்? பிடித்துச் சென்றவர்கள் வேறு யாரோ ஆயினும், எஞ்சியிருந்து வளர்ந்து பெரியவனாகிப் புகழும் பொருளும் பெற்றுவிட்டவன், அந்த நண்பன் பெறாத நாற்பது வருஷ வாழ்வைத் தான் பெற்றுவிட்டவன், தன்னை அந்தச் சம்பவத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள இயலாது என்று அவருடைய மனச்சாட்சி சொல்லிற்று. 1944இலே கண்டதைச் சொல்ல அவருக்கு 1987 வரை, நாற்பத்து மூன்று வருஷம், தேவைப்பட்டது. கபிலர் பாரிமகளிரோடு நடந்த நடையும் இந்த நாற்பத்து மூன்று வருஷமும் ஒரே வழியிலே கிடப்பவை.

இவ்விரண்டு படங்களையும் ஒப்புநோக்கினால், கலக காலத்துச் சிநேகத்தைச் சொல்லுவதற்கு இரண்டு ஆசனங்கள் இருப்பதைக் காணலாம். விரட்டப்பட்டவனுடைய ஆசனத்திலிருந்து செல்வதுரை சொன்னார். விரட்டப்பட்டவனைப் பார்த்துக்கொண்டு எஞ்சியிருந்தவனுடைய ஆசனத்திலிருந்து மால் சொன்னார். முதலாவது துயரமானது. இரண்டாவது துயரமானது மாத்திரமன்றிக் கடினமானதும் ஆகும். ஏனெனில் அங்கே அமர்கிறவனுக்கு முறையிடுவதற்கு எவருமில்லை.

நம் நாட்டுச் சிங்களக் கலைஞர் சிலர் அந்த இரண்டாவது ஆசனத்திலே அமர முயன்றதை நன்றியோடு நினைக்கவேண்டும். சுனில் ஆரியரத்ன 1979இலே எடுத்த 'சருங்கலே' படத்திலே, சிங்களத் திரையின் முதன்மை நடிகராகிய காமினி பொன்சேகா, நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக நடித்தார். சோமரத்ன திசாநாயக்க 2000ஆம் ஆண்டு தமது முதற் படமாக எடுத்த 'சரோஜா', போர்க்காலத்திலே தமிழ்ச் சிறுமியும் சிங்களச் சிறுமியும் கொண்ட நட்பைச் சொல்லிற்று. எல்லைக் கிராமத்து ஆசிரியர் ஒருவர் ஊராரின் பகையைத் தாங்கிக்கொண்டு தமிழ்ச் சிறுமிக்கு அடைக்கலம் தருகிறார். குழந்தைகளின் அன்பு பெரியோரின் பகைமையை வெல்லக்கூடும் என்ற நம்பிக்கை அதிலே இருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் பெரியோர் செய்யவேண்டிய காரியத்தைப் பிள்ளைகளின் தலையிலே சுமத்துவது முறையாகாது. இளஞ்சிநேகம் கலகத்தைத் தடுத்து நிறுத்தியதாகச் சரித்திரம் சொல்லவில்லை. கலகம் எதனை அழித்தது என்பதற்கு அது சாட்சி நிற்கிறது. அந்தச் சாட்சியம் இல்லாவிடில் இழப்பின் அளவு எவருக்கும் தெரியாது.

இப்போது நம்மிடம் வருவோம். விரட்டப்பட்டவனுடைய ஆசனம் நமக்கு நன்றாகப் பழக்கமானது. வன்னிப் பெருநிலத்திலே இடம்பெயராத குடும்பம் எது? பொருளாதாரத் தடைக் காலத்திலே, ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அதிலே ஊறுமளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய ஒரே விளக்கின் முன்னே, இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்டப் படித்ததை இங்குள்ள பெற்றோர் அறிவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவன் பெடலைக் கையாலே சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே மற்றவன் ரேடியோவைக் காதோடு வைத்துச் செய்தி கேட்டு, கேட்டதைச் சுற்றுகிறவனுக்குச் சொல்லுவான். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும் ஆதலால், இருவரும் மாறி மாறிச் சுற்றுவார்கள். 1995 ஒக்ரோபரிலே வலிகாமத்திலிருந்து புறப்பட்டுக் கிளாலிக் கடல் கடந்து வந்த பிள்ளைகளும் வன்னிப் பிள்ளைகளும் மரத்தின் கீழே ஒரே வகுப்பிலே இருந்து சிநேகிதரானார்கள். அடுத்த இடப்பெயர்விலே தறப்பாள் கொட்டில்கள் வேறு வேறு ஊர்களிலே அமைய, முகவரி தெரியாமலே பிரிந்தார்கள். இவை யாவும் திரைக்கு வரவேண்டியவை. வரும் என்று நம்புகிறேன்.

ஆனால், அன்பர்களே, இரண்டாவது ஆசனமும் நமக்கு உண்டு. அதைச் சொல்லுவதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய மாவட்டங்களிலே, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை அவ்வியக்கத்தினர் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் சில நாட்களுக்குள்ளே, யாழ்ப்பாண நகரிலே சில மணித்தியாலங்களுக்குள்ளே, வீடும் கடையும் வள்ளமும் பள்ளிவாசலும் விட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்குப் போகவேண்டியதாயிற்று. இந்தப் பூநகரிப் பிரதேசத்திலே நாச்சிக்குடாவிலிருந்தும் போனார்கள். போனவர்களுள் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழே தாய்மொழி. அவர்களுடைய வாங்கிலே பக்கத்திலே இருந்தவர்கள் நம்முடைய பிள்ளைகள். அன்று பார்த்துக்கொண்டு நின்றவர்களுள் நாமும் இருந்தோம். வாய் திறக்க அஞ்சினோம் என்பது உண்மை. அஞ்சியதற்குக் காரணம் இருந்தது என்பதும் உண்மை. பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதும் உண்மையே.

நமக்கு இழைக்கப்பட்ட பெருங்கொடுமைகளின் முன்னே இதனை ஏன் எடுத்துப் பேசவேண்டும், முதலிலே பெரிய கணக்குத் தீரட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுடைய புண்ணை நான் அறிவேன்; அந்தக் கணக்கு எதனாலும் குறைவதில்லை. ஆயினும் நண்பனுக்குப் பட்ட கடன், பகைவன் தன் கடனைத் தீர்க்கும் வரை காத்திருப்பதில்லை. பிரெஞ்சு நாட்டாரும் அந்நியப் படையின் கீழே மிதிபட்டவர்களே. எங்களை மிதித்தவன் வேறொருவன் என்று சொல்லி மால் தம்முடைய கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னபடியினாலேயே அவருடைய நாட்டின் துயரத்தையும் உலகம் நம்பிற்று. தன் பக்கத்து உண்மையையும் மறைக்காதவனுடைய முறைப்பாட்டுக்கு வலிமை அதிகம்.

இந்த இரண்டாவது ஆசனத்திலிருந்து நாம் எடுக்கும் படம் எப்படி இருக்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சில வார்த்தை சொல்லுகிறேன். கமரா பிள்ளைகளின் கண் உயரத்திலேயே இருக்கட்டும். பெரியவர்களுடைய கூட்டமும் கட்டளையும் பிள்ளைகள் கேட்ட அளவுக்கு மாத்திரம் கேட்கட்டும். நாச்சிக்குடாப் பேச்சு நாச்சிக்குடாப் பேச்சாகவே ஒலிக்கட்டும். வாப்பா என்று அழைக்கும் பிள்ளையும் அப்பா என்று அழைக்கும் பிள்ளையும் ஒரே வலையிலே நண்டு கழற்றும் காட்சிக்கு நிறைய நேரம் கொடுங்கள், ஏனெனில் நட்பு காணப்படாத இடத்திலே இழப்பும் காணப்படாது. திங்கட்கிழமை காலை ஆசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்க தோஷத்தினாலே போனவனுடைய பெயரையும் கூப்பிட்டுவிடுகிறார். வகுப்பு மௌனமாக இருக்கிறது. ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்து, பெயருக்கு நேரே கோடு இழுக்கப் போய், விலகிய காரணம் எழுதும் இடத்திலே என்ன எழுதுவதென்று தெரியாமல் கையை நிறுத்துகிறார். இவ்வளவு போதும், பிரசங்கம் வேண்டியதில்லை. முடிவிலே நண்பர்கள் கட்டித் தழுவி எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டாதீர்கள். போன குடும்பங்களுள் சில திரும்பி வந்திருக்கின்றன, பல வரவில்லை, வந்தவர்களும் விட்டுப்போன பிராயத்துக்குத் திரும்பவில்லை.

ஒருகாலத்திலே மிதவைப் பாதையிலே சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே கடல்நீரேரியைக் கடந்தவர்கள் நாம். 2011 ஜனவரியிலே பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணம் அண்மையாகிவிட்டது. முன்பெல்லாம் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் பிறர் எடுத்த படங்களைப் பார்த்த ஊர்களிலே, இன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ச் சினிமா 1962இலே 'சமுதாயம்' என்ற படத்தோடு தொடங்கியது. செங்கை ஆழியானுடைய 'வாடைக்காற்று' நாவல் 1978இலே திரைக்கு வந்து நெய்தல் நிலத்து வாழ்வைக் காட்டிற்று. மரபு இல்லையென்று சொல்லுவதற்கில்லை. கருவி இல்லையென்றும் சொல்லுவதற்கில்லை. வேண்டியது மனத்திண்மை ஒன்றே.

ஆகையால் மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் தாய் தந்தையரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் போய், பன்னிரண்டாம் பிராயத்திலே உங்களுக்கு உயிரான சிநேகிதர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். நாச்சிக்குடாவுக்குப் போங்கள்; திரும்பி வந்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். இரு பக்கத்தாரும் ஒரே பெயரைச் சொல்லுவார்களானால், அங்கே உங்கள் கதை தொடங்குகிறது. அதனைப் புத்தளத்திலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள், சேர்ந்தே படமாக்குங்கள். நம்முடைய குற்றத்தை நாமே தனியே இருந்து சொல்லுவதைக் காட்டிலும், இழந்தவர்களோடு இருந்து சொல்லுவது உத்தமம். மாலுக்கு நாற்பத்து மூன்று வருஷம் வேண்டியிருந்தது. நமக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டது, அந்த வகுப்பறையிலே அடுத்தடுத்து இருந்தவர்கள் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் முன்வரிசையிலே இருத்திக்கொண்டு அந்தப் படத்தைத் திரையிடும் பேறு இந்த ஊருக்குக் கிட்டவேண்டும். அதற்குரிய முதல் பக்கத்தை இந்த வருஷமே எழுதத் தொடங்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.